நூற்றுக்கு எத்தனை மார்க், சார்?

செல்போன் விளையாட்டுகளுக்கு விமர்சகர்கள் ஒரு மார்க் போட்டார்கள். ஜனங்கள் வேறு மார்க் போட்டார்கள். ஜெயித்தது யார்?

2014-ம் வருஷம், டிசம்பர் மாதம். லண்டன். பிரிட்டிஷ் பார்லிமென்ட் கமிட்டி ஒன்று மும்முரமாகக் கூடியிருக்கிறது. விஷயம் - பென்ஷன் சீர்திருத்தம். காதில் விழுந்தாலே கொட்டாவி வரும்தான். ஆனால், ரிட்டையர் ஆகிறவர்களின் வயிற்றுப்பாடு ஆச்சே!

நைஜல் மில்ஸ் என்ற ஆளுங்கட்சி எம்.பி. மட்டும் தலையைக் குனிந்தபடி, கையில் இருந்த ஐபேடை ரொம்ப சிரத்தையாகத் தடவிக்கொண்டிருக்கிறார். ‘ஆகா, புள்ளிவிவரம் பார்க்கிறார் போலிருக்கு’ என்றுதான் யாருக்கும் தோன்றும். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடிக்க, ‘தி சன்’ பத்திரிகையில் அது வெளியாக, குட்டு அம்பலமானது. மனுஷன் பார்த்துக்கொண்டிருந்தது புள்ளிவிவரம் இல்லை... மிட்டாய்! ஒரே கலரில் மூணு மிட்டாயைச் சேர்த்தால் ‘பட்’டென்று உடையுமே, அந்த ‘கேண்டி க்ரஷ்’! ஒன்றிரண்டு ஆட்டம் ஆடியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டார் எம்.பி.

சிரிக்காதீர்கள். மீட்டிங்கில் மேனேஜர் டார்கெட் பற்றி முழங்கும்போது, மேஜைக்கு அடியில் கட்டைவிரலால் மிட்டாய் உடைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் பாதி ஆபீஸ் தூக்கும். மீதிப் பாதி... கையில் செல்போன் இருப்பதால் தூக்க முடியாது!

அது கிடக்கட்டும். இந்த மாதிரி குட்டி விளையாட்டுகளைப் பற்றி, விளையாட்டு விமர்சனமே தொழிலாக வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் என்ன தீர்ப்பு சொன்னார்கள்? அந்தத் தீர்ப்பு பலித்ததா? கிளறிப் பார்த்தால், சினிமாவைவிட சுவாரஸ்யமான கதையாக இருக்கிறது!

ஏ சென்டர்... சி சென்டர்!

‘கேண்டி க்ரஷ்’ வெளிவந்தது 2012-ல். தயாரிப்பு - ‘கிங்’ என்ற கம்பெனி. மூணு ஒரே நிறத்தைச் சேர்க்கும் வித்தை ஒன்றும் புதுசில்லை; 2001-லேயே ‘பிஜுவல்ட்’ என்ற விளையாட்டு செய்து காட்டியதுதான். அதனால் இதை அரைத்த மாவாகப் பார்த்த விமர்சகர்களும் உண்டு.

அடுத்த தீர்ப்பு ஷேர் மார்க்கெட்டில். 2014 மார்ச்சில் ‘கிங்’ கம்பெனி நியூயார்க்கில் ஷேர் வெளியிட்டது. ஒரு ஷேர் 22.50 டாலர். முதல் நாள் சாயங்காலமே 19 டாலருக்கு இறங்கிவிட்டது! ஒரே ஒரு ஹிட் கொடுத்த கம்பெனி, அடுத்த படமும் ஓடும் என்று என்ன நிச்சயம் என்பது அவர்கள் கவலை.

ஆனால் நடந்தது என்ன? ரெண்டு வருஷம்கூட முழுசாகத் தாண்டவில்லை... ‘ஆக்டிவிஷன் ப்ளிஸார்ட்’ என்ற ஜாம்பவான் 590 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியையே வாங்கப் போவதாக 2015 நவம்பரில் அறிவித்தது. 2023-ல் ‘இதுவரை வசூல் 2,000 கோடி டாலரைத் தாண்டியாச்சு’ என்று கிங் கம்பெனியே தம்பட்டம் அடித்தது. அடுத்த படமே தேவைப்படவில்லை. அதே படம், அதே தியேட்டர், வருஷக்கணக்கில் ஹவுஸ்ஃபுல்!

நம்ம சினிமா பாஷையில் சொன்னால், விமர்சகர்கள் ஏ சென்டர் ஆடியன்ஸ். பெரிய டி.வி., பெரிய மெஷின், 60 மணி நேரக் கதை - இதுதான் அவர்களுக்கு ‘விளையாட்டு’. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ரெண்டு நிமிஷம் ஆடுவதெல்லாம் சி சென்டர் சரக்கு.

‘மெட்டாக்ரிட்டிக்’ என்று ஓர் அமைப்பு 2001-லிருந்து இருக்கிறது. பல விமர்சகர்கள் போடும் மார்க்கையெல்லாம் கூட்டி, சராசரி எடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று நெற்றியில் ஒட்டிவிடும். குறைந்தது 4 விமர்சனமாவது வந்தால்தான் மார்க். செல்போன் விளையாட்டுகளில் முக்கால்வாசிக்கு அந்த 4 விமர்சனமே தேறாது. பரீட்சை எழுதியாச்சு, பேப்பர் திருத்த வாத்தியார் வரவில்லை என்கிற கதைதான்!

பாதி மார்க் பறவை

வியட்நாம் தலைநகர் ஹனோயில் டோங் குயென் என்று ஓர் இளைஞர். டாக்ஸிகளில் பொருத்தும் இடம் காட்டும் கருவிக்கு புரோகிராம் எழுதுவது உத்தியோகம். ஆபீஸ் முடிந்து வந்து, சில நாட்களில் ஒரு விளையாட்டைத் தட்டிப்போட்டார். ஒரு குண்டுப் பறவை. திரையைத் தொட்டால் சிறகடிக்கும். விட்டால் விழும். எதிரே பச்சைக் குழாய்கள். இடுக்கில் நுழைந்து போகவேண்டும். இடித்தால் குளோஸ். அவ்வளவுதான் - ‘ஃப்ளாப்பி பேர்ட்’!

2013 மே மாதம் வெளியிட்டார். ஏழெட்டு மாசம் ஈ ஓட்டியது. 2014 ஜனவரியில் என்ன மாயமோ... திடீரென்று அமெரிக்காவில் நம்பர் ஒன்! விளம்பர வருமானம் மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 50,000 டாலர் என்று அவரே பேட்டியில் சொல்ல, விளையாட்டு உலகம் வாயைப் பிளந்தது.

விமர்சகர்களுக்கு இதைக் கண்டாலே ஆகவில்லை. ஐ.ஜி.என். என்ற பிரபல விமர்சனக்காரர்கள் போட்டது 10-க்கு ஐந்து சொச்சம். அந்தக் குழாய், பழைய ‘மேரியோ’ விளையாட்டுக் குழாயின் ஜாடையில் இருக்கிறது என்று ‘கொட்டாக்கு’ என்ற இதழ் ‘திருட்டுச் சித்திரம்’ ரேஞ்சுக்குத் தலைப்பு போட்டது. தலைப்பு ரொம்பக் காரம் என்று பிற்பாடு வருத்தமும் தெரிவித்தது.

இதுவரை சகஜம். இதற்கப்புறம்தான் யாரும் எதிர்பாராத திருப்பம்.

2014 பிப்ரவரி 8. இன்னும் 22 மணி நேரத்தில் விளையாட்டை எடுத்துவிடப் போகிறேன், இதற்குமேல் தாங்காது என்று அறிவித்தார் குயென். சொன்னபடியே எடுத்தும்விட்டார். தினம் 50,000 டாலர் கொட்டுகிற குழாயைத் தன் கையாலேயே இறுக மூடிய மனுஷன், உலகத்தில் வேறு யார்?

காரணத்தைப் பிறகு சொன்னார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிஷம் ஆடத்தான் அதைச் செய்தாராம். ஆனால் அது ஜனங்களைப் பிடித்து ஆட்டும் போதையாகிவிட்டது. அவருக்கு வந்த கடிதங்களில் ஒன்று - எங்கள் ஸ்கூலில் 13 பையன்கள் ஆத்திரத்தில் போனை உடைத்துவிட்டார்கள் என்று. இன்னொன்று - ஓர் அம்மா இதிலேயே மூழ்கிப்போய், பெற்ற பிள்ளைகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று. அதற்கப்புறம் தூக்கம் வருமா?

அந்தப் பறவை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று விமர்சகர்கள் பார்த்தார்கள். எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று மார்க்கெட் பார்த்தது. ஆடுகிறவன் கதி என்ன ஆகிறது என்று பார்த்தது, அதைச் செய்தவர் ஒருத்தர்தான்!

கேலிக்கு வாங்கிய மாடு

அமெரிக்காவில் இயன் போகோஸ்ட் என்று ஒரு புரொபசர். விளையாட்டுகளை அலசி ஆராய்வதில் கில்லாடி. 2009-ல் ‘ஜிங்கா’ கம்பெனியின் ‘ஃபார்ம்வில்’ என்ற விவசாய விளையாட்டு ஃபேஸ்புக்கில் சக்கைப்போடு போட்டது. உச்சத்தில் மாசம் 8 கோடிப் பேருக்கு மேல் கத்தரிக்காயும் கேரட்டும் பயிர் செய்தார்கள். நிஜ வயலில் நாற்று நடக் கூப்பிட்டால் ஒருத்தர் வரமாட்டார்!

புரொபசருக்கு இது பொறுக்கவில்லை. ‘இதிலே விளையாட்டு எங்கேய்யா இருக்கு?’ என்று கட்டுரை எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். அதனால் 2010 ஜூலையில் கிண்டலுக்கென்றே ஒரு விளையாட்டைச் செய்தார். பெயர் ‘கௌ கிளிக்கர்’. திரையில் ஒரு பசுமாடு. அதை ஒரு தடவை கிளிக் செய்யலாம். அப்புறம் 6 மணி நேரம் காத்திருக்கவேண்டும். மறுபடி ஒரு கிளிக். தீர்ந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லையா? காசு கொடு. அதே மாட்டை இடது பக்கத்துக்குப் பதில் வலது பக்கம் திருப்பி நிறுத்தி, ‘ஸ்பெஷல் மாடு’ என்று விலை போட்டார்!

ஜனங்கள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று அவர் நினைத்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆட ஆரம்பித்தார்கள்! 50,000 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஸ்பெஷல் மாட்டைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ‘புது மாடு எப்போ சார் வரும்?’ என்று நச்சரித்தார்கள். புரொபசரும் வேறு வழியில்லாமல் புதுப் புது மாடாக வரைந்துகொண்டிருந்தார். புலிவாலைப் பிடித்த கதை தெரியும்... இது மாட்டுவால்!

கடைசியில், மாட்டுப் பிரளயம் என்று ஒரு நாள் குறித்தார். அதையும் தள்ளிப்போடக் காசு கட்டினார்கள் ரசிகசிகாமணிகள்! 2011 செப்டம்பரில் ஒருவழியாக எல்லா மாடுகளும் மறைந்தன. வெறும் புல்தரை. அப்போதாவது விட்டார்களா? மாடு நின்ற இடத்தைக் கிளிக் செய்துகொண்டிருந்தார்கள் சிலர்! முன்னே மாதிரி சுவாரஸ்யமில்லை என்று ஒருத்தர் குறைப்பட்டுக்கொள்ள, முன்னேயும் அப்படி ஒன்றும் இருக்கவில்லையே என்று பதில் சொன்னார் புரொபசர்.

விமர்சகர் ஜெயித்தாரா, தோற்றாரா? பட்டிமன்றமே வைக்கலாம்.

--------------------------------

பெட்டிச் செய்தி: ஆபீஸின் முதல் எதிரி!

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சீட்டுக்கட்டு ‘சாலிடேர்’ ஆடாதவர் உண்டா? மைக்ரோசாஃப்ட்டில் பயிற்சிக்கு வந்த வெஸ் செர்ரி என்ற மாணவர் எழுதிய விளையாட்டு அது. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு சேர்ந்து வந்தது. மவுஸால் ஒன்றைப் பிடித்து இழுத்துப்போடும் வித்தையை ஜனங்களுக்குப் பழக்கிவிட்டதே அதுதான்.

வெஸ் செர்ரி அதில் இன்னொரு வசதியும் வைத்திருந்தார். மேனேஜர் வரும் சத்தம் கேட்டால் ஒரு பட்டனைத் தட்டவேண்டும். சீட்டு மறைந்து, கணக்குப் போடுகிற மாதிரி ஒரு டூப்ளிகேட் திரை வந்துவிடும்! கம்பெனி அதை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டது. (அடப் பாவிகளா!)

அந்தப் பட்டன் இல்லாத குறை 2006-ல் தெரிந்தது. நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் ஒரு நகரசபை ஆபீஸுக்குள் நுழைந்தபோது, ஓர் ஊழியரின் திரையில் சாலிடேர்! வேலை போச்சு.

உலகமெல்லாம் ஆடிய அந்த விளையாட்டுக்காக செர்ரிக்கு ராயல்ட்டி என்று ஒரு பைசா கிடைக்கவில்லை. ஆனால், அமெரிக்காவில் உள்ள உலக வீடியோ விளையாட்டுப் புகழ்க்கூடத்தில் 2019-ல் சாலிடேருக்கு இடம் கொடுத்தார்கள். வேலை போனவருக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்டுச் சொன்னால் தேவலை.

--------------------------------

முதல் மார்க் வாங்கினால் போதுமா?

சரி, விமர்சகர்கள் கொண்டாடிய செல்போன் விளையாட்டே இல்லையா? உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு இருக்கிறதே...

‘த்ரீஸ்’ என்று நம்பர்களை நகர்த்திச் சேர்க்கும் விளையாட்டு, 2014 பிப்ரவரியில் வந்தது. ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் என்ற ரெண்டு இளைஞர்கள் 14 மாசம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. விமர்சகர்கள் 90-க்கு மேல் மார்க்கை அள்ளிப் போட்டார்கள். விலை 2 டாலருக்குள்தான்.

அடுத்த மாசமே, இத்தாலியில் கேப்ரியேல் சிருல்லி என்ற 19 வயசுப் பையன் ஒரு வாரக்கடைசியில், கிட்டத்தட்ட அதே ஜாடையில் ‘2048’ என்று ஒன்றைச் செய்து இலவசமாக விட்டான். காசு பண்ணும் எண்ணமே அவனுக்கு இல்லை. உலகமே அதன் மேல் பாய்ந்தது. ‘த்ரீஸ்’ இளைஞர்களைப் பார்த்து, ‘நீங்க 2048-ஐக் காப்பியடிச்சுட்டீங்களே’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்! நொந்துபோன இருவரும், தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களையெல்லாம் - 45,000 வார்த்தைகளுக்கு மேல் - அப்படியே வெளியிட்டு, ‘பாருங்கய்யா, நாங்க பட்ட பாட்டை’ என்று காட்டவேண்டியதாயிற்று.

‘மான்யுமென்ட் வேலி’ கதை இன்னொரு தினுசு. அதே 2014-ல் லண்டனின் ‘அஸ்டூ’ குழு செய்தது. கோபுரம், படிக்கட்டு, வெள்ளை உடையில் ஒரு குட்டி இளவரசி... ஒவ்வொரு காட்சியையும் ஃப்ரேம் போட்டு மாட்டலாம். விமர்சகர்கள் உருகினார்கள். பிரிட்டனின் ‘பாஃப்டா’ விருது ரெண்டு கிடைத்தது. விலை 3.99 டாலர். நவம்பரில் கூடுதலாக எட்டு அத்தியாயம் சேர்த்து, அதற்கு 1.99 டாலர் கேட்டார்கள். அவ்வளவுதான்! ‘காசா கேட்கிறாய்?’ என்று வாடிக்கையாளர்கள் ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். ஒரு கப் காப்பி அதைவிட அதிக விலைக்கு விற்கும் ஊரில்! நல்ல வேளை, ரசிகர்கள் திரண்டு வந்து ஐந்து நட்சத்திரம் போட்டு மானத்தைக் காப்பாற்றினார்கள்.

2 டாலருக்குக் கோபம் வருகிற அதே ஜனம்தான், இலவசம் என்று நுழைந்த இடத்தில் மிட்டாய்க்கும் மாட்டுக்கும் அள்ளிக் கொடுத்தது. வாசலில் டிக்கெட் கேட்டால் சண்டை. உள்ளே போய் கோன் ஐஸ், பாப்கார்ன் என்று பர்ஸைக் காலி பண்ணினால் தெரிவதில்லை!

நட்சத்திரத்தில் ஒரு தில்லுமுல்லு

ஜனங்கள் போடும் நட்சத்திரத்தையாவது நம்பலாமா என்றால், அங்கேயும் ஒரு வில்லங்கம்.

‘டஞ்சன் கீப்பர்’ என்பது 1997-ல் கம்ப்யூட்டரில் வந்து பேர் வாங்கிய விளையாட்டு. பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி ராஜ்யம் கட்டவேண்டும். 2014-ல் ‘எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்’ கம்பெனி அதை செல்போனுக்குக் கொண்டுவந்தது. இலவசம்! ஆனால் சில பாறைகளை உடைக்க 24 மணி நேரம் வரை ஆகும். சீக்கிரம் உடையவேண்டுமா? காசு.

விமர்சகர்கள் கொதித்துவிட்டார்கள். ‘யூரோகேமர்’ 10-க்கு 1 மார்க் போட்டது. மெட்டாக்ரிட்டிக் சராசரி 42. மூல விளையாட்டைப் படைத்த பீட்டர் மோலினோவே, இது கூத்தாக இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் கடையில் போய்ப் பார்த்தால், நட்சத்திரங்கள் ஜொலித்தன! எப்படி? ஆண்ட்ராய்ட் போன்களில், ‘மார்க் போடுங்க’ என்று கேட்கும்போது ரெண்டு பட்டன் காட்டினார்கள். ஒன்று, ‘5 நட்சத்திரம்’. இன்னொன்று, ‘1 முதல் 4 நட்சத்திரம்’. முதலாவதைத் தொட்டால் நேரே கடைக்குப் போகலாம். இரண்டாவதைத் தொட்டால்... என்ன குறை என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொல்லும்! குறைகளைத் தெரிந்துகொள்ளத்தான் அப்படி வைத்தோம் என்றது கம்பெனி. கல்யாணப் பந்தி வாசலில் நின்றுகொண்டு, ‘சாப்பாடு பிரமாதம்னா மைக்கில சொல்லுங்க, நல்லா இல்லேன்னா என் காதுல மட்டும் சொல்லுங்க’ என்கிற மாதிரி!

அந்த வருஷம் ஜூலையில் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ‘இலவசம்’ என்ற விளம்பரம் ஜனங்களைத் தவறாக நினைக்கவைக்கிறது என்று தீர்ப்பு சொன்னது. அங்கே ஜெயித்தது விமர்சகர்கள்தான்.

கடைசியில் யார் பக்கம்?

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. சின்ன விளையாட்டு என்றாலே மட்டம் என்று மூக்கைச் சுளித்த விஷயத்தில் விமர்சகர்கள் தோற்றார்கள். ஆனால், ஆடுகிறவனின் பொறுமையைப் பணமாக்கும் தந்திரத்தை முதலில் மோப்பம் பிடித்தவர்களும் அவர்கள்தான். நாம் கேட்கவில்லை.

இப்போது அவர்களும் மாறிவிட்டார்கள். கனடாவில், தன் நிஜப் பெயரைக்கூட வெளியே சொல்லாத ஓர் இளைஞர் தனி ஆளாக உருவாக்கிய ‘பலாட்ரோ’ என்ற சீட்டு விளையாட்டு 2024 பிப்ரவரியில் வந்தது. செப்டம்பரில் செல்போனுக்கும் வந்தது. டிசம்பரில் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில், கோடிகோடியாய்க் கொட்டி எடுத்த பிரம்மாண்டங்களோடு ‘வருஷத்தின் சிறந்த விளையாட்டு’ போட்டிப் பட்டியலில் இடம் பிடித்தது. அந்தப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் சிறந்த செல்போன் விளையாட்டு உள்பட 3 பரிசு! காசு ஒரே தடவை. காத்திரு, கூடக் கொடு என்ற பேச்சே இல்லை. ஏ சென்டரும் சி சென்டரும் ஒரே தியேட்டரில்!

ஆகவே வாலிபர்களே... அடுத்த தடவை ஒரு விளையாட்டை இறக்குமுன் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். காசை எப்போது கேட்கிறான் - வாசலிலா, உள்ளே போய் வசமாக மாட்டிக்கொண்ட பிறகா? ‘காத்திரு, இல்லேன்னா காசு கொடு’ என்கிறானா? அப்படியானால் அவன் விற்பது விளையாட்டை இல்லை, உங்கள் அவசரத்தை. மூன்றாவது முக்கியம் - மாடு மறைந்த பிறகும் புல்லைக் கிளிக் செய்துகொண்டிருக்கிறோமா?

விமர்சகர் மார்க் போட்டுவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவார். கம்பெனி கல்லாவை எண்ணப் போய்விடும். கடைசி மார்க் போடவேண்டியவர் நீங்கள்தான் - விளையாட்டுக்கு இல்லை, அதில் கரைந்த சாயங்காலத்துக்கு!

சரி, சரி... மேனேஜர் வருகிறார். போனை உள்ளே வையுங்கள். அந்த டூப்ளிகேட் திரை பட்டனைத்தான் எடுத்துவிட்டார்களே!